செவலையின் சத்தம்

கீழ்வீட்டு நாயை அப்புறப்படுத்தச் சொல்லி நீங்கள் எழுதிக் கொண்டுவந்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கோபத்தில் மூன்று நாளாக என்னைக் கூப்பிடாமலே காலை நடைக்குப் போகிறீர்கள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முழங்காலுக்கு ஓய்வு கிடைத்தது என்று சும்மா இருந்திருப்பேன். ஆனால், "அவளுக்கென்ன, காது மந்தம், ஊளை எங்கே கேட்கப் போகுது" என்று உங்களில் ஒருத்தி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நாய் சாயங்காலம் ஆறேகாலுக்குப் போடுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது. நானும் உங்களைப் போல எழுபத்தைந்தைத் தாண்டியவள். நாய் ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தை நேரில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் பேச்சை மாற்றிவிடுவீர்கள். எழுதித் தருகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படியுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உலகப் போரின்போது நிறுத்திய ரயிலைப் போடிநாயக்கனூருக்கு மறுபடி விட்டு ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மலைமேல் அப்பாவுக்குக் குத்தகைக்கு எடுத்த சின்ன ஏலத்தோட்டம் ஒன்று இருந்தது. காய் எடுப்புக் காலம் வந்தால் மலையடிவாரத்து முந்தல் வரை மாட்டு வண்டியில் போய், அங்கிருந்து நடந்து மலை ஏறுவார். ஒரு எடுப்பு முடிந்து, பச்சைக் காயைச் சூட்டறையில் உலர்த்தி, மூட்டை கட்டி, அவர் இறங்கி வர ஒன்றரை மாதம் ஆகும். நடுவில் கழுதைக்காரர் மட்டும் வாரம் ஒருமுறை அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு போவார். வரும்போது சேதி கொண்டுவருவார். வீட்டில் அம்மா, அத்தை, நான் மூன்று பேர்தான்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவளுடைய வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் போய்விட்டார். அவர் மலைக்குக் கிளம்பிய அன்றே, விட்டுப்போன வேட்டியையும் துண்டையும் அத்தை துவைத்துக் காயப் போட்டாளாம். அவர் திரும்பி வரவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மலைக்குப் போன ஆள் திரும்பி வந்து வாசல் மிதிக்கும்வரை, அவர் விட்டுப்போன துணியை யாரும் தொடக் கூடாது. துவைக்கக் கூடாது, உதறக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. அப்பாவின் பழைய கம்பளி ஒன்று குதிர் இருக்கும் அறையில் சுவர் முளையில் தொங்கும். ஒன்றரை மாதமும் அது தொங்கினபடியே தொங்கும். அந்தப் பக்கம் கூட்டும்போதுகூட அத்தை விளக்குமாற்றை ஒதுக்கித்தான் கூட்டுவாள்.

இனி செவலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல செங்காவி நிறம், பெட்டை நாய். மலையில் சூட்டறைப் பக்கத்தில் பிறந்து, இரண்டு வருஷம் அங்கேயே வளர்ந்து, பிறகு அப்பாவோடு இறங்கிவந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அப்பா மலைக்குப் போனால் அதுவும் வண்டியில் தாவி ஏறிக்கொள்ளும். அந்த வருஷம் மட்டும் மேலே சிறுத்தை நடமாட்டம் அதிகம், தோட்டம் தோட்டமாக நாய்களைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று, அப்பா அதை வீட்டிலேயே விட்டுப் போனார்.

செவலை மற்றவர்களைக் கண்டால் மற்ற நாய்கள் மாதிரிதான். திருடனுக்குக் குரைக்கும், அத்தைக்கு வாலைச் சுருட்டும், என்னை நக்கும். அப்பா வெளியே போய்விட்டு வந்தால் மட்டும் அது வேறு நாய். அவர் தெருமுனையில் நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடிப்பார். உடனே மூக்குக்குள் ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பும். பிறகு தொண்டையில் தண்ணீரைக் கொப்பளிப்பது மாதிரி ஓர் உருட்டல். அதுவும் போதாமல் நான்கு காலும் உதற, வாயை வானத்துக்குத் தூக்கி, 'ஊ... வூ... ஊவ்வ்' என்று இழுக்கும். நடுநடுவே ஏதோ புகார் சொல்வது போல முணுமுணுக்கும். அப்பா உட்கார்ந்து அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "என்ன ஆத்தா, என்ன சொல்றே? மழையா? ஆமா, மழைதான். சோறு வைக்கலையா? வைக்கச் சொல்றேன்" என்று பதிலுக்குப் பதில் பேசுவார். என்னையும் அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

"எதுக்குப்பா இது இப்பிடிக் கத்துது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சந்தோசம் கூடிப்போச்சுன்னா அதுக்கு வாலு பத்தலை, ஆத்தா. மிச்சம் வாய் வழியா வருது" என்றார்.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் அவளுடைய நாய் டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார். சந்தோஷம் தாங்க முடியாமல் போகும்போது குரைப்பு, முனகல், ஊளை எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடுமாம். எதை விடுவது எதை அடக்குவது என்று அதற்கே தெரியாதாம். அவள் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவது ஆறேகாலுக்கு. நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தத்தை எழுதிவைத்தீர்களே தவிர, அந்த நேரத்தில் யார் வருகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அப்பா போய் ஒரு மாதம் இருக்கும். அடைமழை. எனக்கு அப்பா ஞாபகமாகவே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா அடுப்பில் இருக்கும் நேரம், அத்தை கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, குதிர் அறைக்குள் போய் அந்தக் கம்பளியில் முகத்தை வைத்துக்கொண்டேன். மூக்குப்பொடியும் புகையும் ஏலக்காயும் கலந்த வாசம். தொட்டாகிவிட்டது, இனி என்ன என்று ஒரு தைரியம் வந்தது. முளையிலிருந்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய், விறகுக் கொட்டடிக்குள் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். செவலை வந்தது. கம்பளிக்குள் மூக்கை விட்டது. அப்படியே நின்றது. பிறகு அந்தக் கீச்சுச் சத்தம், அந்த உருட்டல், அந்த நீளமான இழுப்பு. மேற்கே மலையைப் பார்த்து வாயைத் தூக்கிக்கொண்டு அது போட்ட சத்தத்தைக் கேட்டதும், அப்பா தெருமுனையில் வந்துவிட்டது போலவே எனக்கு இருந்தது. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக மறுநாளும் எடுத்தேன். அதற்கு மறுநாளும்.

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்ப்பதற்குள் கம்பளியை விறகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நான் கிணற்றடியில் நிற்பேன். பார்த்தவர்களுக்குத் தெரிவது இவ்வளவுதான்: விளக்கு வைக்கிற நேரத்தில், தனியாக நின்று, ஆள் போன மலையைப் பார்த்து நாய் ஊளையிடுகிறது.

நான்காம் நாள் கழுதைக்காரர் வந்தார். சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மேல மழை விடலைக்கா. கூலியாளுக லயத்துல மூணு பேருக்குக் குளிர்காச்சல். அண்ணனுக்கு ஒண்ணுமில்ல கேட்டோ, நல்லாத்தான் இருக்காக."

ஒண்ணுமில்ல என்பதற்கு முன்னால் அவர் கொஞ்சம் நிறுத்திவிட்டார். சளியைக் காறுவதற்காக நிறுத்தியிருக்கலாம். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. உள்ளே போய் மஞ்சள் துணியில் காசை நேர்ந்து முடிச்சுப் போட்டாள். அன்று சாயங்காலமும் செவலை சத்தம் போட்டது. போட வைத்தது நான். மூன்று பேருக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் எனக்கு அப்பாவின் வாசம் இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது.

கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த அத்தை ஓடி வந்தாள். கம்பளியை ஒளிக்க எனக்கு நேரம் சரியாக இருந்தது. செவலை இன்னும் மலையைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. அத்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதே மாதிரிதான் தாயி. எங்க வீட்டுக்காரவுக தவறிப்போன வருசமும் இதே மாதிரிதான் ஒண்ணு அஞ்சு நாளு ஊளையிட்டுச்சு. நான் கல்லெடுத்து எறிஞ்சு வெரட்டாம விட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு எழுந்து முந்தானையை உதறினாள். "விடிஞ்சா இது இந்த வீட்ல இருக்கப்படாது."

"மலைக்கே அனுப்பிருவோமே மதினி. கழுதைக்காரர் கூட்டிட்டுப் போவாரு" என்றாள் அம்மா.

"ஊளையிட்ட நாயை எந்தம்பிகிட்டயே அனுப்பச் சொல்றியா?"

"அவுக வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"வந்து கேக்கட்டும் தாயி. வந்து கேக்கணும்னுதான் நான் இதை அனுப்புறேன்."

இந்தப் பதிலை இப்போது நினைத்தால் அத்தையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அப்போது அவளை ராட்சசி என்று நினைத்தேன். தம்பியைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

நான் சொல்லியிருக்கலாம். 'அது ஊளை இல்லை, அப்பாவைக் கண்டால் போடுகிற சத்தம், நான் கம்பளியைக் காட்டினேன்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் கம்பளியை முளையிலிருந்து எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது என்னால் ஆனதாகிவிடுமே. ஒன்பது வயதில் எனக்கும் அந்தச் சட்டத்தில் நம்பிக்கை இருந்தது. அன்று படுக்கப் போகுமுன் கம்பளியைத் திரும்ப முளையில் மாட்டிவிட்டு வந்து படுத்தேன்.

காலையில் தெற்கே தேவாரம் என்ற ஊருக்குத் திரும்புகிற வைக்கோல் வண்டி ஒன்று வாசலில் நின்றது. தேவாரம் தாண்டி மலையடிவாரத்தில் அவிழ்த்துவிடச் சொல்லி வண்டிக்காரரிடம் அத்தை ஏற்பாடு செய்திருந்தாள். செவலைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வண்டியைக் கண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அப்பாவிடம் போகிறோம். யாரும் இழுக்கவேண்டியிருக்கவில்லை. தானாகத் தாவி ஏறி, வைக்கோல் துணுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, உடம்பெல்லாம் ஆட, அந்தச் சத்தத்தைப் போட்டது. நாங்கள் கேட்டதிலேயே பெரிய சத்தம். தெருவே எட்டிப் பார்த்தது.

"விடியக்காலையிலேயே என்ன ஊளை" என்று வண்டிக்காரர் தார்க்குச்சியைத் திருப்பிப் பிடித்து அதன் மூக்கில் ஓங்கி அடித்தார். செவலை நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் பார்த்து இன்னும் இழுத்தது. இன்னும் இரண்டு அடி. பிறகு கயிற்றை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டினார்.

நான் பையோடு வாசலில் நின்றேன். வாய் திறந்தேன்.

"என்னடி?" என்றாள் அத்தை.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றேன்.

வண்டி சிலமலைச் சாலையில் திரும்புகிறவரை அது வாலை ஆட்டிக்கொண்டேதான் போனது.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. "பாத்தியா, இப்ப எப்பிடி நிம்மதியா இருக்கு" என்று அத்தை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அம்மா ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். நான் குதிர் அறைப் பக்கமே போகவில்லை.

பத்து நாள் கழித்து அப்பா வந்தார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. கெண்டைக்காலில் அட்டை கடித்த தழும்புகளும் இரண்டு விரற்கடை தாடியும்தான். தெருமுனையில் வழக்கம் போலச் சீழ்க்கை அடித்தார். பதில் இல்லை என்றதும் இன்னொரு தடவை அடித்தார். வாசலுக்கு வந்து, முண்டாசை அவிழ்க்காமல், "செவலை எங்க?" என்று கேட்டார்.

அத்தை சொன்னாள். அவரைக் கண்ட சந்தோஷத்தில் அழுதுகொண்டே, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. அக்காவை அவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. முண்டாசை எடுத்து முழங்காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அது என்னையக் கண்டாத்தானக்கா அப்பிடிக் கத்தும். வேற யாரையும் கண்டு கத்துனதில்லையே" என்றார். பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல, "நான் இல்லாம எப்பிடிக் கத்துச்சு?" என்றார்.

விடை தெரிந்தவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அம்மா அந்தக் கம்பளியைத் துவைப்பதற்காக எடுத்தாள். ஆள்தான் வந்தாகிவிட்டதே. கிணற்றடியில் அதை விரித்தவள் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் சேர்த்தாள். அத்தை அந்தப் பக்கம் வரும் சத்தம் கேட்டதும் கையை மூடிக்கொண்டாள். அத்தை போனபின் மூடிய கையைத் தண்ணீரில் கழுவினாள். செம்பட்டை மயிர் கொஞ்சம் வாய்க்காலில் போனதை நான் பார்த்தேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றும் கேட்கவில்லை, அவள் இருந்தவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமும் அவள்மேல் ஒரு குறை வைத்திருக்கிறேன். அது நியாயமில்லை என்று எனக்கே தெரியும்.

ஐந்தாறு நாளில் கழுதைக்காரர் இறங்கி வந்தார். அப்பாவைக் கண்டதும் சுமையை இறக்குவதற்கு முன்னாலேயே சொன்னார்.

"அண்ணே, நம்ம பட்டி அங்க கெடக்கு." மலையில் நாயைப் பட்டி என்றுதான் சொல்வார்கள். "நீங்க இறங்கின மறுநாளு வந்துச்சாம். சூட்டறை வாசல்ல கெடக்கு. கால்ல தோலே இல்ல. காவக்காரர் கஞ்சி ஊத்துறாரு. ஆளு வந்தா எந்திரிச்சுப் பாக்குது, மறுபடி படுத்துக்கிருது."

தேவாரத்துக்கு மேலே காடு. அங்கே யானை உண்டு. அதைத் தாண்டினால் சிறுத்தை. அந்த வழியில் அது அதற்குமுன் போனதே இல்லை. எப்படி வழி கண்டுபிடித்தது என்று யாருக்கும் தெரியாது. அது போய்ச் சேர்ந்தபோது, யாரைத் தேடிப் போனதோ அவர் இங்கே வந்துவிட்டார். அப்பா அன்று சாப்பிடக்கூட நிற்கவில்லை. "வெரசா வந்துர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடைமழையில் இன்னும் ஈரம் காயாத அந்தக் கம்பளியையே தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

செவலை பிழைத்துக்கொண்டது. அப்பா வந்து சொன்னபோது குதித்தேன். "உங்களைக் கண்டதும் கத்துச்சாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

சித்திரையில் பள்ளிக்கூட விடுமுறைக்கு அப்பா என்னை மலைக்குக் கூட்டிப்போனார். நானே கெஞ்சிக் கேட்டேன். தோட்டத்து எல்லையில் நின்று சீழ்க்கை அடித்தார். செவலை ஓடி வந்தது. கால் சரியாகியிருந்தது. மூக்கின் மேல் மட்டும் கயிறு அறுத்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. அப்பாவின் காலடியில் வந்து நின்று உடம்பெல்லாம் ஆடியது. வால் அடித்தது. தொண்டை ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, மூக்கை அவர் வேட்டிக்குள் நுழைத்துக்கொண்டது. அவர் உட்கார்ந்து இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "என்ன ஆத்தா, என்ன சொல்றே? சொல்லு, சொல்லு" என்றார். அது சொல்லவில்லை.

பிறகு என்னிடம் வந்தது. என்னை அதற்குப் பிடிக்காமல் போயிருக்கும், பற்களைக் காட்டும், அப்பாவின் பின்னால் ஒளியும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். என் கையை நக்கியது. அதற்குத்தான் நான் அழுதேன். மலை ஏறிய கால்வலி என்று அப்பா நினைத்து, அட்டை ஏதும் கடித்திருக்கிறதா என்று என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அது மேலும் ஆறு வருஷம் மலையிலேயே இருந்தது. கீழே கூட்டிவர அப்பா எத்தனையோ தடவை முயன்றார். மாட்டு வண்டி நிற்கும் இடம் வரை கூடவே வரும். வண்டியைக் கண்டதும் திரும்பி மலை ஏறிவிடும். அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் மலைக்குச் சாமான் போகும்போதெல்லாம், அரிசி மூட்டைக்குள் சின்னதாக ஒரு கேழ்வரகு மாவு முடிச்சு இருக்கும். யாருக்கு என்று கழுதைக்காரர் கேட்டால், "கொண்டுபோய்க் குடுங்க, சோலியப் பாருங்க" என்பாள். அப்பா தெருமுனையில் சீழ்க்கை அடிப்பதை விட்டுவிட்டார். சத்தம் காட்டாமல் வந்து வாசலில் நிற்பார், நாங்களாகப் பார்த்தால் உண்டு.

அப்பா எண்பதைத் தாண்டி இருந்தார். கடைசி மாதம் முழுக்க என் வீட்டில்தான் படுத்திருந்தார். பேச்சு அங்கும் இங்கும் போகும். மழை என்பார், மூட்டை என்பார், காவல்காரரைக் கூப்பிடுவார். ஒருநாள் மத்தியானம் தெளிவாக என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, நான் இல்லாம அது எப்பிடிக் கத்துச்சு?"

நாற்பது வருஷத்துக்கும் மேல் அந்தக் கேள்வியை அவர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா இல்லை, அத்தை இல்லை, திட்ட யாருமே மிச்சமில்லை. எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. நான் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டு, "கஞ்சி கொண்டாரட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

இவ்வளவுதான். உங்கள் தாளை இதோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். ஆறேகாலுக்கு இப்போதெல்லாம் நான் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண் கீழ்வீட்டுப் படியேறுவாள், கீழே அந்தச் சத்தம் கிளம்பும். கீச்சு, உருட்டல், அந்த நீளமான இழுப்பு, எல்லாம் அப்படியே. அது அடங்கும்வரை கேட்டுவிட்டு, யாரும் இல்லாத வாசலைப் பார்த்து ஒவ்வொரு நாளும் பதில் சொல்கிறேன்.

நான்தான் உங்கள் கம்பளியைக் காட்டினேன், அப்பா.